எச்சரிக்கை செல்போனில், ஏஜெண்டு வீட்டுத் திண்ணையில்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து இஞ்சிவிளைக்கு வந்தால் கேரளம் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் களியக்காவிளை. 1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு காகிதத்தில் விழுந்ததே தவிர, குடும்பங்களுக்கு நடுவில் விழவில்லை. பெண் எடுப்பதும் கொடுப்பதும், சந்தைக்குப் போவதும், சீட்டுக் கட்டுவதும் இன்றுவரை கோட்டுக்கு இருபுறமும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

இந்த வட்டாரத்துக்கு இப்போது ஒரு புதிய சரக்கு வந்திருக்கிறது. கண்ணால் காண முடியாத, கையால் தொட முடியாத "கிரிப்டோ நாணயம்" என்பது அதன் பெயர். நாணயம் புதிதாக இருக்கலாம். அதன் பெயரைச் சொல்லிப் பணம் பறிக்கும் வழி பழையது. அந்த வழியை அடைக்க ரிசர்வ் பாங்கும் போலீசாரும் இணையத்தில் ஏராளமான எச்சரிக்கைகளை வெளியிட்டிருக்கிறார்கள். ஆயினும் மோசடி நின்றபாடில்லை. ஏன் என்று கேட்பவர்கள் முதலில் மத்தம்பாலைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

மத்தம்பாலையில் நடந்தது

பாறசாலைக்குப் பக்கத்தில், தமிழக எல்லைக்குள், பளுகலை அடுத்து இருக்கிறது மத்தம்பாலை. 'நிர்மல் கிருஷ்ணா' என்ற சிட்பண்டு நிறுவனம் அங்கே பல ஆண்டுகள் நடந்து வந்தது. இரு மாநிலத்தாரும் அதில் பணம் போட்டிருந்தனர். மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்த தொகை, வளைகுடா நாட்டில் உழைத்து அனுப்பிய பணம், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகை எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. 2017 செப்டம்பரில் நிறுவனம் பூட்டப்பட்டது. பல்லாயிரக்கணக்கானோரின் பணம் பல நூறு கோடி ரூபாய் அளவில் சிக்கிக்கொண்டது. நிறுவனம் இருந்த இடம் தமிழகம். பணம் போட்டவர்களில் பெரும் பகுதியினர் கேரளத்தார். எந்தப் போலீஸ் நிலையத்தில் மனுக் கொடுப்பது என்பதே ஆரம்பத்தில் பெரும் குழப்பமாக இருந்தது. பிறகு நாகர்கோவில் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் வழக்கை விசாரித்தனர்.

பணம் போட்டவர்கள் ஒன்றும் அறியாதவர்கள் அல்ல. சீட்டுக் கணக்கில் இந்தப் பகுதிப் பெண்களை யாரும் ஏமாற்றிவிட முடியாது. மாதம் 5,000 ரூபாய் வீதம் 20 பேர், 20 மாதம். சீட்டுத் தொகை ஒரு லட்சம். முதல் ஏலத்தில் ஒருவர் 25,000 தள்ளி எடுத்தால், நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி 20,000 ஆளுக்கு ஆயிரமாகப் பிரிந்து, அந்த மாதம் 4,000 கட்டினால் போதும். இதைக் காகிதம் இல்லாமலே சொல்லிவிடுவார்கள். சீட்டு நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும் என்பதும் தெரியும். திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1969 முதல் கேரள அரசே சிட்டி நடத்தி வருவதும் தெரியும். அப்படியிருந்தும் மத்தம்பாலைக்குப் போனார்கள். அறிந்த முகங்கள் அங்கே இருந்தன என்பதே காரணம். வசூலுக்கு வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். பணம் எடுத்துக்கொடுத்தவர் உறவுக்காரர். வட்டியும் பல வருடங்கள் ஒழுங்காக வந்தது.

அதே 2017-ல், மத்தம்பாலையில் கதவு பூட்டப்பட்டதற்கு அடுத்த மாதம், பல்கேரியா நாட்டுத் தலைநகர் சோபியாவில் ஒரு பெண்மணி ஏதென்ஸ் நகருக்கு விமானம் ஏறினார். ரூஜா இக்னாடோவா என்பது அவர் பெயர். 'ஒன்காயின்' என்ற பெயரில் 2014-ல் கிரிப்டோ நாணயம் தொடங்கியவர். அன்று போனவர் பிறகு பகிரங்கமாகக் காணப்படவில்லை. உலகெங்கும் பறிபோன தொகை 400 கோடி டாலருக்கும் மேல் என்று அமெரிக்க அரசுத் தரப்பு கூறியது. 2022-ல் அந்நாட்டு எப்.பி.ஐ. தனது முக்கியக் குற்றவாளிகள் பத்துப் பேர் பட்டியலில் அவரைச் சேர்த்தது. இந்தியாவிலும் அதற்கு ஆள் சேர்த்தார்கள். 2017 ஏப்ரலில் நவி மும்பையில் நடந்த கூட்டமொன்றில் போலீசார் புகுந்து பலரைக் கைது செய்தனர்.

சோபியாவுக்கும் மத்தம்பாலைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். இரண்டு இடங்களிலும் ஆள் சேர்த்தவிதம் ஒன்றுதான்: அண்ணன் தம்பியைச் சேர்ப்பான், தம்பி மைத்துனனைச் சேர்ப்பான். இன்னொரு செய்தி கவனிக்கத் தக்கது. ஒன்காயின்காரர்கள் தாங்கள் நாணயம் விற்பதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. "கல்விப் பொதி" விற்பதாகச் சொன்னார்கள்! நிதி அறிவு புகட்டும் பாடங்களை வாங்குங்கள், நாணயம் கூடவே கிடைக்கும் என்பது அவர்கள் பேச்சு. கிரிப்டோ பற்றிய கல்வியே தூண்டில் புழுவாகிவிட்டது. மோசடியைத் தடுக்கக் கல்வி போதும் என்று நம்புகிறவர்கள் இதை ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

பதினைந்தாயிரம் எண்பத்தோராயிரம் ஆன கதை

கேரளத்துக்குள்ளேயே உதாரணம் உண்டு. மலப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் நடத்திய 'மோரிஸ் காயின்' திட்டம் 2020-ல் போலீசார் கவனத்துக்கு வந்தது. 15,000 ரூபாய் கட்டினால் தினம் 270 ரூபாய் வீதம் 300 நாள் கிடைக்கும் என்பது வாக்குறுதி. 270-ஐ 300-ஆல் பெருக்கினால் 81,000. பத்து மாதத்தில் ஐந்து மடங்குக்கும் மேல்! பிரபலங்களை அழைத்து விழாக்கள் நடத்தி ஆள் பிடித்ததாகவும், திரட்டிய தொகை சுமார் 1,200 கோடி ரூபாய் என்றும் அமலாக்கத்துறை கூறியது. 2022 ஜனவரியில் அத்துறை முடக்கிய சொத்தின் மதிப்போ 36 கோடியைச் சற்றுத் தாண்டியது. போனது எவ்வளவு, பிடிபட்டது எவ்வளவு என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

அன்றும் எச்சரிக்கைகள் இல்லாமல் இல்லை. ரிசர்வ் பாங்க் 2013 டிசம்பரிலேயே முதல் எச்சரிக்கையை விடுத்தது. 2017-ல் பிப்ரவரியிலும் டிசம்பரிலும் மீண்டும் கூறியது. சட்டவிரோதமாக டெபாசிட் வாங்குபவர்களைப் பற்றிப் பொதுமக்கள் புகார் செய்ய 2016-ல் 'சாசேத்' என்ற இணையதளத்தையும் ஏற்படுத்தியது. 2022-ல் 'ராஜுவும் நாற்பது திருடர்களும்' என்ற பெயரில் நாற்பது விதமான மோசடிகளைக் கதையாகச் சொல்லும் புத்தகமும் வந்தது. இவற்றைத் தேடிப் படிப்பவர் யார்? ஏற்கெனவே சந்தேகப்பட்டவர்தான். மைத்துனன் சொன்னதை நம்பிவிட்டவர், ரிசர்வ் பாங்க் என்ன சொல்கிறது என்று தேடிப்போவதில்லை.

தேடினாலும் எதைத் தேடுவது? எச்சரிக்கையில் நேற்றைய நாணயத்தின் பெயர் இருக்கும். இன்று காலை பிறந்த நாணயத்தின் பெயர் இருக்காது. அந்தப் புதுப் பெயரைச் செல்போனில் போட்டுப் பார்த்தால், அதை விற்பவர்களே தயாரித்த படங்களும், "நான் சம்பாதித்தேன்" என்று சிரித்த முகத்துடன் பேசுபவர்களின் யூடியூப் காட்சிகளும் வரிசையாக வந்து நிற்கும். கெட்டிக்கார ஏஜெண்டுகள், "என்னை நம்ப வேண்டாம், நீங்களே தேடிப் பாருங்கள்" என்று கூடச் சொல்வதுண்டு.

உண்மையான செய்தியே ஏமாற்றுக்குத் துணை போவதும் உண்டு. 2018 ஏப்ரலில் ரிசர்வ் பாங்க், கிரிப்டோ வியாபாரிகளுக்குப் பாங்குகள் சேவை செய்யக் கூடாது என்று உத்தரவிட்டது. 2020 மார்ச் 4-ம் தேதி சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. 2022 ஏப்ரல் முதல் அந்த வருமானத்துக்கு 30 சதவீத வரி வந்தது. இம்மூன்றும் உண்மை. "சுப்ரீம் கோர்ட்டே அனுமதித்துவிட்டது, அரசாங்கமே வரி வாங்குகிறது, இன்னும் என்ன பயம்?" என்று அவற்றைத் தொடுத்துப் பேசினால் கேட்பவர் வாயடைத்துப் போகிறார். சட்டபூர்வமாக்கவும் இல்லை, தடை செய்யவும் இல்லை என்று நிதியமைச்சர் 2022 பிப்ரவரியில் பார்லிமெண்டில் சொன்னது கிராமத்துத் திண்ணை வரை வந்து சேரவில்லை. வரி கட்டுவதால் ஒரு பொருள் நல்ல பொருளாகிவிடாது என்பதற்குக் கள்ளுக்கடையைக் காட்டினால் இந்த ஊரில் எல்லோருக்கும் புரியும். அப்படிக் காட்டிச் சொல்ல ஆள்தான் இல்லை.

எந்த மொழியில் சொல்வது?

எல்லைக் கிராமங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், பாங்க் பாரத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கு நடுவில் வாழ்கிறவர்கள் இங்கே பலர். தமிழ் மட்டும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதியோரும், தமிழ் நன்றாகப் பேசி மலையாளம் மட்டுமே படிக்கத் தெரிந்த பேரப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுடன் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளக் கேரளத்தின் 1969-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. காகிதத்தில் உள்ள இந்த உரிமையை உபயோகிக்கிறவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். செல்போனில் வரும் எச்சரிக்கையோ திருவனந்தபுரத்திலிருந்து மலையாளத்திலும், மும்பையிலிருந்து ஆங்கிலத்திலும் வருகிறது. தமிழில் வந்தால் அது சென்னைப் போலீசாரின் எச்சரிக்கையாக இருக்கும். "இது நமக்கல்ல, அந்தப் பக்கத்தாருக்கு" என்று தள்ளிவிடுவார்கள். ஏஜெண்டோ பாட்டியிடம் தமிழிலும் பேரனிடம் மலையாளத்திலும் பேசுகிறார்.

கேரள அரசு இவ்விஷயத்தில் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இதே திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை பஞ்சாயத்து 2022-ல் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற பஞ்சாயத்தாக அறிவிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் மாநிலம் முழுவதுமே அந்தத் தகுதியைப் பெற்றதாக முதலமைச்சர் அறிவித்தார். தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று, வயதானவர்களுக்கும் செல்போன் இயக்கவும் படம் அனுப்பவும் அரசு சேவைகளைப் பெறவும் கற்றுக் கொடுத்தார்கள். மெச்சத்தக்க காரியம். ஆனால் செல்போனில் படம் அனுப்பக் கற்றுக்கொண்ட கையால் பணமும் அனுப்ப முடியும். எழுதப் படிக்கத் தெரிந்தவன் கடன் பத்திரத்தில் கைநாட்டு வைப்பதில்லை, கையெழுத்துப் போடுகிறான். கடன் கடன்தான்.

அந்நியர் யார்?

எச்சரிக்கைகளில் தவறாமல் வரும் வாசகம், "முன்பின் தெரியாதவர்களை நம்பாதீர்கள்" என்பது. இந்த இடத்தில்தான் எல்லா எச்சரிக்கைகளும் தோற்கின்றன. நாணயத்தை விற்க வருபவர் முன்பின் தெரிந்தவர். ஒரே கோயில் திருவிழாவுக்கு வரி கொடுப்பவர். ஒரே சர்ச்சில் பக்கத்துப் பெஞ்சில் உட்காருபவர். பல சமயம் அவர் ஏமாற்றுக்காரரும் அல்ல. தன் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துத் தானே முதலில் பணம் போட்டவர். முதல் இரண்டு மாதம் அவருக்குப் பணம் வந்திருக்கிறது. செல்போன் திரையில் தொகை நாளுக்கு நாள் ஏறுவதை அவர் உண்மை என்றே நம்புகிறார். அந்த நம்பிக்கையோடு காட்டும்போது பார்ப்பவரும் நம்புகிறார். மேலே இருப்பவன் யார் என்று அவருக்கே தெரியாது. பொய் சொல்பவனைக் கண்டுபிடிக்கும் வித்தை கிராமத்தாருக்குத் தெரியும். தானே நம்பிக்கொண்டு சொல்பவரைக் கண்டுபிடிக்க எந்த வித்தையும் இல்லை.

உறவின் வழியாக வராமல் நேராகச் செல்போன் வழியாகவே வரும் மோசடிகளும் உண்டு. தெரியாத எண்ணிலிருந்து இனிய பேச்சு தொடங்கும், பழக்கமாகும், பிறகு ஒரு டெலிகிராம் குழு, ஒரு செயலி. முதலில் போட்ட சிறு தொகை லாபத்துடன் திரும்பி வரும். பெரிய தொகை போட்டபின் எடுக்கப் போனால், "முதலில் வரி கட்டுங்கள்" என்பார்கள். அந்தப் பேச்சை மறுமுனையில் தட்டச்சு செய்பவர்களில் சிலர் நம் நாட்டு இளைஞர்கள்தான் என்பது பரிதாபம். கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் கொண்டு செல்லப்பட்டு, அங்கே அடைத்து வைக்கப்பட்டு இந்த வேலை செய்ய வைக்கப்பட்டவர்கள். 2025 மார்ச்சில் மட்டும் மியான்மர் எல்லையிலிருந்து மீட்கப்பட்ட 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்கள் அழைத்து வந்தன. வேலை தேடி வெளியூர் போகும் பழக்கமுள்ள பூவாறு, பொழியூர் பக்கத்துக் குடும்பங்கள் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

இளைஞர்களுக்கு மற்றொரு வலையும் உண்டு. "உன் பாங்க் கணக்கைச் சில நாள் வாடகைக்குக் கொடு, ஆயிரம் இரண்டாயிரம் தருகிறோம்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஏமாந்தவரின் பணம் இத்தகைய கணக்குகளில் புகுந்து புறப்பட்டு, டாலர் மதிப்புள்ள 'டெதர்' போன்ற நாணயமாக மாறி எல்லை தாண்டிப் போய்விடும். போலீசார் வந்து கதவைத் தட்டுவது வாடகைக்குக் கொடுத்த பையனின் வீட்டில்தான்.

நிற்பதற்கு வாசல் இல்லை

மத்தம்பாலையில் பணம் போனபோது, போய் நின்று கேட்க ஒரு கட்டிடமாவது இருந்தது. பூட்டிய கதவுக்கு முன் ஜனங்கள் கூடினார்கள், சாலையில் உட்கார்ந்தார்கள், அதைப் பார்த்து அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் வந்தார்கள். முதலீட்டாளர் நலன் காக்கும் தமிழகத்தின் 1997-ம் ஆண்டுச் சட்டப்படி ஜப்தி செய்ய நிலமும் வீடும் இருந்தன. பணம் முழுவதும் திரும்புவது கனவானாலும், பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருந்தது. பின்னர் 2019-ல் முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டமும் வந்தது. நாணய மோசடியில் சட்டம் இருந்தாலும் ஜப்தி செய்யக் கட்டிடம் இல்லை. வாட்ஸ்அப் குழு ஒரு நாள் ராத்திரி கலைக்கப்படும். காலையில் எழுந்து பார்த்தால் அதில் இருந்த ஐம்பது பேரும் தனித்தனியே, ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் இருப்பார்கள். வெட்கத்தால் பாதிப் பேர் வாய் திறப்பதில்லை.

இப்படிப் பட்டவர்களை அடுத்த ஏமாற்று தேடி வருகிறது. "இழந்த கிரிப்டோ பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று இணையத்தில் விளம்பரங்கள் வருகின்றன. வேறு மருந்து தெரியாமல் செல்போனிலேயே பரிகாரம் தேடுபவர் கையில் முதலில் சிக்குவது அதுதான்.

குடும்பஸ்ரீ கூட்டம் வாரந்தோறும் நடக்கிறது. ரேஷன் கடை வரிசை இருக்கிறது. கைத்தறிச் சங்கங்களும், ரப்பர் வியாபாரிகளின் கடைத் திண்ணைகளும், களியக்காவிளைச் சந்தையும் இருக்கின்றன. மத்தம்பாலையில் பணத்தை இழந்தவர்கள் இரு மாநிலத்திலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து, "எனக்கும் நாலு வருஷம் ஒழுங்காக வட்டி வந்தது" என்று தன் வாயால் தமிழில் சொன்னால், அது ரிசர்வ் பாங்கின் நூறு காட்சிப் படங்களுக்குச் சமம். அப்படிப்பட்டவர்களைக் கூட்டங்களுக்கு அழைத்துப் பேசச் சொல்ல பஞ்சாயத்துகளுக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது. பாறசாலை பஞ்சாயத்தும் எல்லைக்கு அப்பால் உள்ள பளுகலும் சேர்ந்து செய்தால் இன்னும் விசேஷம். ஏஜெண்டுகள் இரண்டு பக்கமும் போய்வருகிறார்கள், எச்சரிக்கைதான் இஞ்சிவிளையில் நின்றுவிடுகிறது.

பணம் போனபின் செய்ய வேண்டியது வேறு. 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து உடனே புகார் கொடுப்பது முதல் காரியம். பணம் எத்தனை கணக்குகள் தாண்டிப் போவதற்குள் சொல்கிறோமோ, அத்தனைக்கு அதை வழியில் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் புகாரை எந்தப் போலீஸ் நிலையத்திலும் கொடுக்கலாம். 2017-ல் மத்தம்பாலைக்கும் பாறசாலைக்குமாக ஜனங்கள் அலைந்ததுபோல் அலைய வேண்டியதில்லை. "இது தமிழ்நாட்டுக் கேஸ், அங்கே போ" என்று யாராவது சொன்னால், சட்டத்தைச் சொல்லிக் கேட்கலாம்.

கையில் இருக்க வேண்டியவை: பணம் அனுப்பிய தேதி, நேரம், பரிவர்த்தனை எண், எந்தக் கணக்குக்குப் போனது என்ற விவரம், பேச்சுவார்த்தையின் படங்கள். ஏஜெண்டு உறவுக்காரராக இருந்தால் குடும்பத்தில் ஒரு யோசனை சொல்வார்கள்: "மாமனைக் காட்டிக் கொடுக்க வேண்டாம், அந்த மெசேஜ்களை அழித்துவிடு" என்று. அழித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனால், போலீசார் முதலில் கேட்பது அந்த மெசேஜ்களைத்தான்.